தவிட்டுப்பழம் தேடிப் போகிறவர்களுக்கு

கோத்தகிரிக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஆடி மாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் என்னைப் பார்த்ததும் நாக்கை நீட்டினார்கள். மூன்று நாக்கும் கருநீலம். "நாவப்பழமா?" என்று கேட்டேன். ஈரோட்டுக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? "தவுட்டுப்பழம் சார், அதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, சின்னவன் டவுசர் பையிலிருந்து நசுங்கிப்போன இரண்டைக் கொடுத்தான். நூலும் மண்ணும் ஒட்டியிருந்தன. ஊதித் தின்றேன், நன்றாக இருந்தது. மறுவாரம் நானே தேடிப் போய், பழுக்காததைக் கடித்து, வாய்க்குள் பஞ்சை அடைத்த மாதிரி திரும்பி வந்தேன்.

இப்போது புதிதாக மலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கடையில் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கிடைக்காது. சீசனில் எப்போதாவது சாலையோரம் ஒரு அம்மா டம்ளர் கணக்கில் வைத்து விற்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பறித்த மறுநாளே குழைந்துவிடும் பழம். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதற்குள் அடியில் இருப்பது கூழாகிவிடும். ஒருமுறை ஈரோட்டில் இருக்கும் அக்காவுக்கு எவர்சில்வர் டப்பாவில் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்ந்தது ஊதா நிறச் சாறு மட்டும்தான், அதிலும் பாதி கொண்டுபோனவரின் பைக்குள். வேண்டுமென்றால் நாம்தான் அதனிடம் போக வேண்டும்.

முதலில் இலை, அப்புறம் பழம்

தமிழில் தவிட்டுப்பழம், தவிட்டுக்கொய்யா. பேச்சில் தவுட்டுப்பழம். ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் தவுட்டு ஹண்ணு என்பார்கள். தாவரவியலில் ரோடோமிர்டஸ் டோமென்டோசா. கடைசிச் சொல்லுக்குப் பொருள், மென்மயிர் போர்த்தியது. அந்தப் பெயர்தான் நமக்கு முதல் அடையாளம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு ஹெத்தை. படுகர் வீடுகளில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் ஒரு புதர் முன்னால் நின்று பழத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பழத்தைப் பாக்காதே தம்பி, இலையைத் திருப்பு" என்றார். திருப்பினேன். மேல்பக்கம் பளபளக்கும் கரும்பச்சை. கீழ்ப்பக்கம் சாம்பல் கலந்த வெள்ளை, கம்பளித் துணியைத் தொடுகிற மாதிரி மெத்தென்று இருந்தது. தவிட்டுப்பழம் என்ற பெயரே இந்த அடிப்பக்கத்தைப் பார்த்து வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். நிஜமாகவே தவிடு தூவியது போலத்தான் இருக்கிறது.

இலையைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றையும் பாருங்கள். நரம்பு மூன்று. நடுவில் ஒன்று, இரு பக்கமும் விளிம்பை ஒட்டி ஒவ்வொன்று, மூன்றும் காம்பருகில் கிளம்பி நுனியை நோக்கிப் போகும். இலை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம், தடித்தது, விளிம்பில் பல் கிடையாது. தண்டில் இரண்டிரண்டாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்.

செடி பெரும்பாலும் இடுப்பளவு முதல் ஆள் உயரம். நல்ல இடம் கிடைத்தால் 12 அடி வரைகூடப் போகும். பூ ஐந்து இதழ், ரோஜா நிறம், நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள். விரியும்போது அடர்ந்த நிறம், வயதாக ஆக வெளுத்துக்கொண்டே போகும். ஒரே புதரில் ரோஜா நிறமும் வெள்ளையும் சேர்ந்து நின்றால், இரண்டு செடி பின்னிக்கொண்டிருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரே செடிதான், நேற்றைய பூவும் இன்றைய பூவும்.

பழம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். தலையில் ஐந்து சிறு மடல்கள் கிரீடம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கொய்யாக் காயின் அடியில் காய்ந்த பூவின் மிச்சம் இருக்குமே, அதேதான். கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இதற்குச் சொந்தம். யூகலிப்டஸும் அதே குடும்பம். அந்தச் சொந்தக்காரரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். தோலில் வெல்வெட் போல நுண்மயிர் இருக்கும். காயாக இருக்கையில் பச்சை, பிறகு செம்மை படரும், பழுத்தால் கருமை கலந்த ஊதா. நகத்தால் குறுக்கே பிளந்தால் உள்ளே மூன்று நான்கு அறைகள். ஒவ்வொரு அறையிலும் தட்டையான சிறு விதைகள், அடுக்கிவைத்த சில்லறைக் காசு மாதிரி, இரண்டு வரிசையில்.

ஏமாற்றுகிறவை

புதியவர்கள் அதிகம் குழம்புவது மெலாஸ்டோமா என்ற இன்னொரு புதரிடம். அதற்கும் ஊதா ரோஜா நிறத்தில் பெரிய பூ, இலையில் அடியிலிருந்து ஓடும் நரம்புகள், நாக்கைக் கறையாக்கும் பழம். மெலாஸ்டோமா என்ற கிரேக்கப் பெயருக்கே கருத்த வாய் என்றுதான் பொருள். ஆனால் அதன் இலை மேலே சொரசொரப்பு, கீழே வெள்ளைக் கம்பளி இல்லை. காய் முதிர்ந்தால் தானாகவே கண்டபடி வெடித்து உள்ளே இருக்கும் கருஞ்சதையைக் காட்டும். தவிட்டுப்பழம் அப்படி வெடிக்காது. மெலாஸ்டோமாவைத் தெரியாமல் தின்றாலும் ஆபத்து கிடையாது, அதுவும் தின்கிற பழம்தான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்ட ஓரங்களில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும், அதன் கருநீல மணிகள் கொத்தாக இருக்கும். பழுக்காத உண்ணிக்காய் நஞ்சு. செஸ்ட்ரம் என்று அழகுக்கு வைத்து இப்போது காட்டு ஓரமெல்லாம் பரவிவிட்ட செடிகளின் பழமும் தின்னக்கூடாதது. இரண்டுக்கும் இலையின் அடி வெள்ளையாக இருக்காது, பழத்தின் தலையில் ஐந்து மடல் கிரீடமும் இருக்காது. என் கணக்கு இதுதான்: இலையின் அடியில் வெள்ளை, மூன்று நரம்பு, தலையில் கிரீடம், உள்ளே காசடுக்கு. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வாயில் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பழத்தை உங்களிடம் காட்டிவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

எங்கே, எப்போது

இந்தச் செடிக்கு வெயில் வேண்டும். அடர்ந்த சோலைக்குள் தேடினால் கிடைக்காது. சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு, புதர் மண்டிய சரிவு, பாறை நடுவே, தேயிலைத் தோட்டத்தின் வேலி ஓரம், இங்கெல்லாம் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் உயரமான சரிவுகளில் இது இயல்பான செடி, பழனி மலையிலும் உண்டு. தென்னிந்தியா, இலங்கையில் தொடங்கித் தென்சீனா, மலேசியா, பிலிப்பைன்ஸ் வரைக்கும் இதன் ஊர்தான். அங்கே கடலோரத்தில்கூட வளர்கிறது. வியட்நாமின் ஃபூ கோக் தீவில் இந்தப் பழத்தில் மது செய்து பாட்டிலில் விற்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகளின் டவுசர் பையோடு சரி.

ஒரு காலத்தில் இந்த மலையின் மேடெல்லாம் புல்வெளியாக இருந்தது. 1840களில் யூகலிப்டஸ் வந்தது, வாட்டில் என்கிற சீகை மரமும் பைனும் வந்தன, தேயிலை பரவியது. திறந்த சரிவுகள் நிழலுக்குள் போயின. கொய்யாக் குடும்பத்துச் சொந்தக்காரர் என்று சொன்னேனே, இடத்தைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் அவர்தான். யூகலிப்டஸ் காட்டுக்குள் தவிட்டுச்செடியைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

கோடையில் பூக்கத் தொடங்கும். நான் பழம் பறித்ததெல்லாம் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. எல்லாச் சரிவிலும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரே செடியிலும் அப்படித்தான். இரண்டு நாள் வெயில் அடித்தபிறகு போனால் இனிப்பு கூடுதல். தொடர்மழையில் பறித்தது தண்ணீர்ச் சுவை.

சரி, இனி யாரும் கேட்க விரும்பாத விஷயம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், அங்கிருந்து எதையும் எடுத்து வருவதும் குற்றம். தமிழ்நாடு வனச்சட்டம் 1882லிருந்து இருக்கிறது, பழமும் அதில் வனப்பொருள்தான். காட்டை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சிறுவனப்பொருள் சேகரிக்கும் உரிமை உண்டு. சுற்றிப் பார்க்க வந்த நமக்கு இல்லை. முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவில் ஒரு பழத்துக்குக்கூடக் கை நீட்டக்கூடாது. எனவே பட்டா நிலத்திலும் தோட்ட ஓரத்திலும் தேடுங்கள். உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "நாலு தவுட்டுப்பழம் பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டால் இந்த ஊரில் மறுக்கிறவர் அபூர்வம். பல சமயம் அவர்களே கூட வந்து நல்ல செடியைக் காட்டுவார்கள்.

கேட்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தேயிலைக்கு மருந்து அடிப்பார்கள். எப்போது அடித்தார்கள் என்பது உரியவருக்குத்தான் தெரியும். ஒருமுறை நான் கேட்காமல் வேலி ஓரத்தில் பறித்து ஒரு கைப்பிடி தின்றுவிட்டேன். அப்புறம்தான் பக்கத்துப் பாத்தியில் முதுகில் டேங்க் மாட்டி ஒருவர் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். அன்று ராத்திரி முழுக்க வயிறு வலிக்கிறதா வலிக்கிறதா என்று காத்திருந்ததிலேயே வலித்தது.

கிளம்புமுன்

வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து அந்த முறை இருக்கிறது. பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், வழியில் சோதிப்பார்கள். பழத்துக்கு எப்படியும் பிளாஸ்டிக் பை உதவாது, வியர்த்து நசுங்கிவிடும். அகலமான டிபன் பாக்ஸில் துணி விரித்து எடுத்து வருவதுதான் சரி.

முழுக்கை, முழுக்கால் உடை. கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். மழைமாதத்தில் அட்டை ஏறும். கொஞ்சம் உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும், இழுத்துப் பிய்க்க வேண்டாம். அட்டையைவிட நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு. புதருக்குள் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் கடித்து ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும், தமிழ்நாட்டில் அது அரிதான நோய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளித்துவிட்டு உடையை ஊறப்போடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் எங்காவது கருகின மாதிரி சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதருக்குள் போனதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், அங்கே இருக்கிற மருத்துவருக்கு நீங்கள் மலைக்குப் போனது எப்படித் தெரியும்?

அப்புறம் பெரிய உயிர்கள். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்வது இங்கே தினசரிக் காட்சி. பசுமாடு மாதிரி அமைதியாக நிற்கும், அதை நம்பி செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் உண்டு. நிற்கிற இடத்திலிருந்தே விலகி வேறு வழியில் போங்கள். கரடி இன்னும் கவனம். நமக்குப் பிடித்த பழம் அதற்கும் பிடிக்கும். கோத்தகிரிப் பக்கம் தோட்டங்களுக்குள் கரடி வருவது சகஜம். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் அதன் நேரம். நான் ஒன்பது மணிக்குமேல் போய் நாலு மணிக்குள் திரும்பிவிடுவேன். தனியாகப் போகமாட்டேன், பேசிக்கொண்டே நடப்பேன். மனிதச் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் விலகிப்போகும், திடீரென்று முகத்துக்கு முகம் வந்தால்தான் பாயும். புதர் அடியில் புதிதாகக் கிளறிய மண்ணோ, விதையாக நிறைந்த சாணமோ தெரிந்தால் அன்றைக்கு அந்தச் செடி நம்முடையது இல்லை. மூடுபனி இறங்கினாலும் அப்படியே திரும்பிவிடுங்கள். பத்தடியில் நிற்பது பாறையா எருமையா என்று தெரியாது.

பறிப்பதும் தின்பதும்

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கருத்த பழத்திலும் கெட்டியானது இருக்கும். இரண்டு விரலால் லேசாக அமுக்கினால் உள்ளே போக வேண்டும். பழுத்தது காம்பிலிருந்து இழுக்காமலே கையில் வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள், மூன்று நாள் கழித்து யாருக்காவது ஆகும். கிளையை வளைத்து ஒடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தலையில் இருக்கும் கிரீடத்தை நகத்தால் கிள்ளி எறியுங்கள், அது நாக்கில் உறுத்தும். தோலோடு அப்படியே வாயில் போடலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் கிரீடத்தைக் கிள்ளிய ஓட்டை வழியாக உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புவார்கள். சுவை என்று கேட்டால், கொய்யாவின் வாசம், நாவலின் லேசான துவர்ப்பு, அத்தனைக்கும் மேலே ஒரு மாவுத்தன்மையான இனிப்பு. விதையை மென்று விழுங்கலாம், கேழ்வரகு நெறிபடுகிற சத்தம் வரும். வெள்ளைச் சட்டை வேண்டாம். கறை போகாது, நான் சோதித்தாயிற்று.

ஒரு கைப்பிடி, மிஞ்சினால் இரண்டு. காயின் துவர்ப்பை வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் கிழக்காசியாவில் உண்டு. அதே குணம் நன்றாக இருக்கிற வயிற்றை இறுக்கிவிடும். முதல் தடவை தின்கிறவர்கள் ஐந்தாறு பழத்தோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் பாருங்கள்.

மிஞ்சினால் ஜாம்

அரைக் கிலோ சேர்வது பெரிய விஷயம், சேர்ந்தால் அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். கிரீடம் கிள்ளி, கழுவி, முக்கால் டம்ளர் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வேகவிட்டு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். அளவான கண்ணுள்ள சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். விதை நிறைய நிற்கும், மனம் தளர வேண்டாம். கிடைத்த கூழுக்கு முக்கால் பங்கு சர்க்கரை, ஒரு எலுமிச்சைச் சாறு. நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பத்தில் ஒரு பங்கு செங்காய் கலந்து வேகவைத்தால் ஜாம் சீக்கிரம் இறுகும்.

யூடியூபில் பார்த்துச் சமையல் வெப்பமானியோடு நிற்பவர்களுக்கு ஒரு சொல். ஜாம் இறுகும் சூடு 105 டிகிரி என்பது சமவெளிக் கணக்கு. கோத்தகிரி உயரத்தில் தண்ணீரே 94 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் குறைவு. இங்கே 105 வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் இல்லை, மிட்டாய்தான் கிடைக்கும். 99 போதும். அதைவிட நம்பகமான வழி, ஒரு தட்டைக் குளிரவைத்து அதில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பது. ஓடாமல் சுருங்கி நின்றால் இறக்கிவிடலாம்.

வீட்டில் வைக்க

காட்டிலிருந்து செடியைப் பிடுங்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைக்காது. தின்ற பழத்தின் விதையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, செம்மண்ணும் மணலும் மக்கிய இலையும் கலந்த பையில் மேலாகத் தூவுங்கள். மூடினது தெரியாத அளவுக்கு மண் போதும். ஈரம் காயக்கூடாது. முளைக்க வாரக்கணக்கில் ஆகும். எதுவும் வரவில்லை என்று நான் ஒரு பையைக் கொட்டப்போன நாளில்தான் கடுகு மாதிரி இரண்டு இலை தெரிந்தது. தேயிலை வளரும் புளிப்பு மண்ணே இதற்கும் பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகிவிடும். நாள் முழுக்க வெயில், தேங்காத தண்ணீர், வேறு எதுவும் கேட்காது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு விதை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அழகுச் செடியாகப் போன ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இது காட்டைப் பிடித்துவிட்டது. நமக்கு உண்ணிச்செடி செய்ததை அவர்களுக்கு இது செய்கிறது.

என் வாசல் செடி நாலாவது வருடம்தான் பூத்தது. அந்த வருடம் பதினொரு பழம். செம்மீசைச் சின்னான் குருவிகள் காலை ஆறு மணிக்கே வந்து ஏழை முடித்துவிட்டன, எனக்கு நாலு. ஈரோட்டு அக்காவிடம் போனில் சொன்னேன். "டப்பாவுல அனுப்பாதே, நானே வர்றேன்" என்றாள். ஆகஸ்டில் வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, செடியைப் பார்த்ததும் முதல் வேலையாக ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள்.